லட்சியம் என்ன என்று கேட்டால்



கல்லூரியில் சேர்ந்திருக்கும் பேத்தி போன் செய்தாள். முதல் நாளே எழுந்து நின்று ஊர், குடும்பம், குணம், லட்சியம் எல்லாம் சொல்ல வேண்டுமாம். "அப்பா பேங்க் வேலைன்னு சொல்லச் சொல்றாரு. எனக்கு அப்படித் தோணலையே தாத்தா!"

தோழர் சங்கரய்யாவைப் பற்றிச் சொன்னேன். கோவில்பட்டியில் பிறந்தவர். 1937-ல் நம் அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தபோது வயது 16. மகன் வக்கீலாக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அன்று கேட்டிருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பாரோ என்னவோ! வரலாறு படித்தார், மாணவர் சங்கத்தில் இறங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் கைதானதைக் கண்டித்ததற்காக, 1941 பிப்ரவரியில் அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பி.ஏ. கடைசிப் பரீட்சைக்கு இரண்டே வாரம். அந்தப் பட்டம் போனது போனதுதான். மொத்தம் எட்டு ஆண்டு சிறை. பிறகு மூன்று முறை எம்.எல்.ஏ. காமராசர் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தர முடிவு செய்தும், அது கைக்கு வராமலே 2023 நவம்பரில், 102 வயதில் மறைந்தார்.

கட்சி பேசுவதற்காக இதை எழுதவில்லை. பதினேழு வயதுப் பிள்ளையிடம் முடிவான பதிலைக் கேட்பது எனக்குப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

என் மாணவர்களே, கல்லூரியில் முதல் நாள் நீங்கள் என்ன சொன்னீர்கள்? இப்போது என்ன செய்கிறீர்கள்? எழுதுங்கள். பேத்திக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.