வாளுக்குள் ஒலி வந்த வழி

பிவிசி குழாயில் வாள் செய்கிறோம், தெர்மகோலில் முகமூடி செதுக்குகிறோம். வண்ணம் பூசி முடித்த பிறகும் ஏதோ குறைகிறது. வீசினால் அந்த வாள் சீறுவதில்லை, முகமூடி உறுமுவதில்லை. இன்று அதற்கு ஒலி சேர்க்க ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். நிரல் இல்லாமல் கருவிக்குக் கட்டளை எப்படிப் போய்ச் சேர்கிறது, அந்த ஒலி முதலில் எங்கே பிறந்தது என்ற இரண்டு கேள்விகளோடு தேடத் தொடங்கினேன். தேடலுக்கு எடுத்துக்கொண்ட பொருள் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஒளிவாளான லைட்சேபர்.

முதல் கேள்விக்கான விடை நியூயார்க்கில் கிடைத்தது. லிமோர் ஃப்ரீட் 2005-ல் தொடங்கிய அடாஃப்ரூட் நிறுவனம் 'ஆடியோ எஃப்எக்ஸ்' என்றொரு சிறிய போர்டு தயாரிக்கிறது. யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்தால் பென் டிரைவ் போலத் தெரியும். ஒலிக்கோப்புகளை அதில் இழுத்துப் போட்டால் போதும். போர்டில் 0 முதல் 10 வரை பதினொரு முனைகள் உண்டு. கோப்புக்கு 'டி00' என்று பெயர் வைத்தால், 0 முனையில் இணைத்த பொத்தானை அழுத்தும்போது அது ஒலிக்கும். பெயரோடு 'லேட்ச்' சேர்த்தால், ஒருமுறை அழுத்த ஓடத் தொடங்கி மறுமுறை அழுத்த நிற்கும். 'ரேண்ட்' சேர்த்தால், பத்துக் கோப்புகள் வரை போட்டு வைத்து அவற்றில் ஒன்றை அதுவே தேர்ந்தெடுக்கச் செய்யலாம். கட்டளை முழுவதும் கோப்பின் பெயரிலேயே இருக்கிறது. பொத்தானுக்குப் பதில் அதிர்வில் தொட்டுக்கொள்ளும் ஸ்பிரிங் சுவிட்ச் வைத்தால், வாளை வீசுவதே அழுத்துவதாகிவிடும்.

இதற்கு முன் என்ன இருந்தது என்று பார்த்தால் யுஎம்3561 என்ற எட்டுக்கால் சிப் வருகிறது. சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கிப் பழகியவர்களுக்கு அது தெரிந்த பெயர். மூன்று வோல்ட்டில் இயங்கும் அந்தச் சிப்பின் இரண்டு கால்களை எங்கே இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து போலீஸ் சைரன், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், இயந்திரத் துப்பாக்கி ஆகிய நான்கில் ஒன்று கேட்கும். அங்கே கட்டளை கம்பி இணைப்பில் இருந்தது. அதற்கும் முன் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் எஸ்என்76477 சிப். 1978-ல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் பறக்கும் தட்டுக்கு ஒலி தந்தது அதுதான். ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் மாற்றினால் அதன் ஒலி மாறும்.

இன்னும் பின்னே போனால் மின்சாரமே இல்லை. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன், தானாக இயங்கும் பொம்மை நாடகத்துக்கு இடிமுழக்கம் அமைக்கும் முறையை எழுதிவைத்திருக்கிறார். இறுக்கிக் கட்டிய காய்ந்த தோலின்மேல் ஈயக் குண்டுகள் விழவேண்டும், அவ்வளவுதான்.

கருவியின் வழி புரிந்துவிட்டது. ஒலி பிறந்த இடம் என்னை இன்னும் ஆழமாக ஈர்த்தது. 1977-ல் வெளியான முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் படப்பிடிப்பில் ஒளிவாளுக்கு ஒலியே கிடையாது. நாயகனின் வாளுக்குக் கைப்பிடியானது பழைய கிராஃப்லெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடி. ஒளிவாளுக்குக் குரல் கொடுத்தவர் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அவர் புரொஜெக்டர் இயக்கும் வேலையும் பார்த்தார். அங்கிருந்த பழைய புரொஜெக்டரின் மோட்டார் சும்மா நிற்கும்போது எழுப்பிய ரீங்காரம் அவர் மனத்தில் பதிந்திருந்தது. பிறகு, வயர் பழுதான மைக்கோடு ஒரு டிவியைக் கடந்து போனபோது, படக்குழாயின் இரைச்சல் அதில் பதிவானது. வேறொருவர் கெட்டுப்போன பதிவு என்று அழித்திருப்பார். பர்ட் இரண்டையும் கலந்தார்.

வாள் வீசும் ஒலிக்கு அவர் செய்தது இன்னும் எளிது. கலந்த ஒலியை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதன் முன்னே இன்னொரு மைக்கைக் கையால் வீசிப் பதிவு செய்தார். கடந்துபோகும் ரயிலின் ஹாரன் சுருதி மாறுவதற்குக் காரணமான டாப்ளர் விளைவுதான் இங்கும் வேலை செய்தது. நாம் கேட்கும் அந்தச் சீறலில் ஒரு மனிதக் கையின் வேகம் பதிந்திருக்கிறது. 1999-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் நடித்த இவான் மெக்ரெகர், வாள் வீசும்போது தன்னையறியாமல் வாயாலேயே அந்த ஒலியை எழுப்பியதாகச் சொல்லியிருக்கிறார். ஒலியில்லாத வாளை அவராலும் வீச முடியவில்லை.

தேடி முடித்தபோது எனக்கு உறுதியான முடிவு இது: நிரல் தெரியாதது இந்தக் கலைக்கு ஒருபோதும் தடையாக இருந்ததில்லை, கூர்ந்து கேட்கும் காதுதான் எப்போதும் தேவைப்பட்டிருக்கிறது. ஆகவே வாளோ முகமூடியோ செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த ஒலியை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். மிக்ஸி நிற்கும் கணத்தை, கிரைண்டரின் முனகலை, துருப்பிடித்த கேட்டின் கீச்சொலியைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் அதன் வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். உங்கள் வாளுக்கு உங்கள் வீட்டு ஒலியையே கொடுங்கள்.