ஒட்டுத் தகடு

2020 மார்ச்சில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தபோது, இரண்டு வாரத்தில் பெங்களூரு திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அதில் ஐந்து மாதம், மீட்டிங் இல்லாத நேரமெல்லாம், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்துக் கிடந்தேன்.

அப்பாவின் ஜீப். மகிந்திரா எம்எம் 540. பேஜோ டீசல் என்ஜின், நாலு வீல் டிரைவ். 1998இல் பழைய வண்டியாக வாங்கி இருபது வருடம் மெட்டுக்கு ஓட்டினார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். மெட்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம், ஏலத்தோட்டங்கள். தேனிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே ஜீப்புகள் மலையேறும். ஏறுகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். தார் ரோடு முடிந்த பிறகுதான் ஜீப்புக்கு உண்மையான வேலை. கல், சேறு, வேர். மழை நாளில் பின் சக்கரம் மட்டும் சுற்றினால் வண்டி நின்ற இடத்திலேயே குழி தோண்டும்.

எங்கள் வண்டியின் ஆர்சி புத்தகத்தில் டிரைவரோடு சேர்த்து ஏழு பேர். அப்பா ஏற்றியது பதினான்கு, சில நாள் பதினாறு. இதை ரகசியமாகச் சொல்லவில்லை. அந்த ரோட்டில் இதற்கு யாரும் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

2018இல் ஒரு நாள், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கும்போது தோட்டப் பாதையில் முன் வலது சக்கரம் மதகுக்குள் இறங்கிவிட்டது. நல்லவேளையாக வண்டியில் ஆள் இல்லை, உர மூட்டைதான். டிராக்டர் வைத்து இழுத்தார்கள். அதற்குப் பிறகு ஜீப் நண்டு மாதிரி போனது. முன் சக்கரம் போகும் கோட்டில் பின் சக்கரம் வராது. அப்பா அதை மெதுவாக வீடு வரைக்கும் ஓட்டிவந்து கொட்டகையில் நிறுத்தித் தார்பாய் போட்டு மூடினார். "சேஸ் போயிருச்சு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. விற்கவும் இல்லை, சரி பண்ணவும் இல்லை.

இந்த மாதிரி வண்டிகளில் பாடி வேறு, சேஸ் வேறு. நாம் ஜீப் என்று பார்க்கிற தகரமெல்லாம் மேலே போல்ட் போட்டு உட்காரவைத்த ஒரு தொட்டி. கீழே இருப்பது ஏணி. நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்கள், குறுக்கே கிராஸ் மெம்பர்கள். என்ஜின், கியர் பாக்ஸ், ஸ்பிரிங் பட்டைகள், ஸ்டியரிங் எல்லாம் இந்த ஏணியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போர் காலத்து வில்லிஸ் ஜீப்பும் இதே ஏணிதான். ஏணி கோணினால் மேலே எதைச் சரி பண்ணியும் பிரயோஜனம் இல்லை.

மாற்றுவோம் என்று நான் சொன்னபோது அப்பா, "அதத் தொடாத. எடைக்குப் போட்டுருவோம்" என்றார். செலவைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

முதலில் காகித வேலை. சேஸ் எண்தான் சட்டத்தின் கண்ணில் வண்டி. ஆர்டிஓ அனுமதி இல்லாமல் சேஸை மாற்றினால், நாம் ஓட்டுவது ஆர்சியில் இருக்கும் வண்டியே இல்லை. பழைய சேஸில் எண் பொறித்த துண்டை மட்டும் வெட்டி, புதியதில் வெல்டு வைத்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். திருட்டு வண்டிக்குச் செய்கிற வேலை அது, குற்றம். விண்ணப்பம் எழுதி, அனுமதி வாங்கி, கோயம்புத்தூரில் ஒரு உதிரிபாகக் கடையில் பில்லோடு புது சேஸ் எடுத்தேன். கடைசியில் வண்டியை நேரில் காட்டி ஆர்சியில் எண் மாறும் வரை அதை ரோட்டில் ஏற்றவில்லை.

பிறகு பிரித்தல். ஒவ்வொரு வயரையும் கழற்றும் முன் போட்டோ எடுத்து, மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டினேன். பேட்டரி, டீசல் டேங்க், ரேடியேட்டர், பிரேக் பைப்புகள், ஸ்டியரிங் என்று வரிசையாக. பாடி போல்ட்டுகள் துருவில் ஒன்றாகிப் போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டதில் பாதி கழன்றது. மீதிக்கு உளி. அப்பா ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், உதவிக்கு வர மாட்டார். ஒரு விஷயத்துக்கு மட்டும் எழுந்து வந்தார். ஜாக்கியை மட்டும் நம்பி நான் அடியில் படுத்ததைப் பார்த்துவிட்டு, காலைப் பிடித்து வெளியே இழுத்தார். "ஜாக்கி தூக்குறதுக்கு. தாங்குறதுக்குக் கட்டை குடு." நான்கு பக்கமும் பழைய தண்டவாளக் கட்டைகள் வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவிலிருந்து பத்துப் பேர் வந்து பாடியைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்தார்கள். இரும்புக் குழாய்களில் முக்காலி கட்டி, செயின் பிளாக் மாட்டி என்ஜினை இறக்கினோம். சாயங்காலம் வெறும் ஏணி மட்டும் மிச்சம்.

அதை அப்படியே எடைக்குப் போட்டிருக்கலாம். எங்கே எது இருந்தது என்று அளந்து வைத்துக்கொள்ளலாமே என்று கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி, இருபது வருட மண்ணையும் கிரீஸையும் சுரண்டினேன். முன்னால் வளைந்திருக்கும் என்று தெரியும். வளைந்திருந்தது. பின்னால்தான் எதிர்பார்க்காதது இருந்தது. வலது சட்டத்தில், பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒட்டுத் தகடு. அதன் மேல் இன்னொன்று. அதன் மேலும் ஒன்று. மூன்று வெவ்வேறு கைகளின் வெல்டிங். கடைசித் தகட்டின் ஓரத்திலிருந்து கிளம்பிய விரிசல், சட்டத்தின் அடிப்பக்கத்தை முழுதாக அறுத்து, பக்கவாட்டில் பாதி உயரம் வரை ஏறியிருந்தது.

மதகில் விழுந்ததில் வந்த விரிசல் இல்லை அது. புதிதாக உடைந்த இரும்பு உள்ளே பளபளக்கும். இது ஆழம் வரை கறுத்துத் துருவேறியிருந்தது. பல நாள் விரிசல்.

நான் மெக்கானிக்கல் படித்தவன், வேலைக்குத்தான் கோடு எழுதுகிறேன். மூன்றாம் வருடப் பாடம் எல்லாம் அந்த ஓரத்தில் இருந்தது. சுமை ஏறும்போதும் குழியில் விழும்போதும் சட்டம் கொஞ்சம் வளைந்து நிமிரும். லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்தால், எங்கே ஓட்டை, எங்கே வெல்டு, எங்கே திடீரென்று கனம் மாறுகிறதோ அங்கே விரிசல் விழும். சதுரமாகத் தகடு வெட்டி ஒட்டினால் அந்த இடம் பலமாகிவிடும். அதுதான் பிரச்சனை. தகடு இருக்கும் இடம் இனி வளையாது, வளைவு முழுவதும் தகடு முடிகிற கோட்டில் போய் விழும். அடுத்த விரிசல் அங்கே. அதற்கு இன்னொரு தகடு. அதனால்தான் தெரிந்தவர்கள் தகட்டின் இரண்டு முனையையும் மீன்வால் போலச் சரித்து வெட்டுவார்கள், அடிவிளிம்பில் குறுக்காக வெல்டு இழுக்க மாட்டார்கள். அப்படிச் செய்தாலும், பதினாறு பேரை ஏற்றினால் அது எவ்வளவு நாளைக்கு?

எங்கள் தொழிலிலும் இதற்குப் பெயர் பேட்ச்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று போட்டுவிட்டு, 'தெரிந்த குறை' என்று ஒரு பட்டியலில் எழுதி, அடுத்த ரிலீஸில் பார்ப்போம் என்று தூங்கப் போவோம். அந்தப் பட்டியலில் நானும் நிறைய எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டால் பாதி சரி செய்தது மாதிரி ஒரு நிம்மதி வரும்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்பருந்து?"

"மொத ஒட்டு 2006ல. அப்பறம் ரெண்டு தடவ."

"வெல்டிங் போட்டுட்டு ஆள் ஏத்துனீங்களா?"

"மறுநாளே."

2006இல் நான் காலேஜில் இரண்டாம் வருடம். அதைச் சொன்னேன். அவருக்கு ஒரு வழி திறந்துவிடுகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னேன். எனக்கும் அந்த வழிதான் வேண்டியிருந்தது. அப்பா என் ஃபீசுக்காக உயிரைப் பணயம் வைத்தார் என்றால் கண்ணில் கொஞ்சம் தண்ணீர் விட்டுவிட்டுப் போய்விடலாம்.

அவர் அந்த வழியில் வரவில்லை. "ஒன் பீசுக்காகன்னு நீயா எழுதிக்காத. பீசு கட்ட தோட்டத்த வச்சு கடன் வாங்கியிருக்கலாம். புது சேஸ் போட ஒரு மாசம் வண்டி நிக்கணும். ஒரு மாசம் நின்னா ஆளுக வேற வண்டிக்குப் போயிருவாக. எல்லா வண்டியும் அப்படித்தான் ஓடுச்சு. நானும் ஓட்டுனேன்." கொஞ்ச நேரம் கழித்து, "உயிரு எனக்கு மட்டுமாடா இருந்துச்சு அதுல" என்றார்.

அப்போதுதான் புரிந்தது, ஏன் விற்கவில்லை என்று. சரி பண்ணக் கொடுத்தால் பிரிப்பார்கள். அப்படியே விற்றால் இன்னொருவன் ஆள் ஏற்றுவான்.

இரண்டு நாள் கழித்து, முருங்கைக் கீரை கொடுக்க மூன்று வீடு தள்ளி இருக்கும் அத்தை வந்தார். பன்னிரண்டு வருடம் அந்த ஜீப்பில் தோட்டத்துக்குப் போனவர். பின் பெஞ்சில் வலது பக்கம் கடைசி இடம் அவருடையது. வேறு யாரும் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார். கொட்டகையில் கிடந்த சேஸைப் பார்த்து "எலும்புக்கூடு மாதிரி கெடக்கு" என்று சிரித்தார். பிறகு விரிசலைப் பார்த்தார். நான் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. குனிந்து அதற்குள் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தார். நகம் உள்ளே போனது.

"இதுக்கு மேலயா நான் உக்காந்து வந்தேன்?"

யாரும் பதில் சொல்லவில்லை.

"அந்தப் பக்கம் கிறீச்சு கிறீச்சுன்னு ஒரு சத்தம் வரும்லண்ணே. நான்கூடச் சொன்னேன். பட்டைக்கு கிரீஸ் இல்லன்னு சொன்னீக."

"ஆமா தாயி" என்றார் அப்பா. "சொன்னேன்."

அத்தை கோபப்படவில்லை. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "சரி விடுங்கண்ணே, நல்லபடியா வந்து சேந்தோம்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அப்பா எழுந்து சாப்பிடப் போயிருப்பார். அன்று ராத்திரி வரை அதே நாற்காலியில் இருந்தார்.

மறுநாள் காலை நான் டெய்லி கால் முடித்து வந்தபோது, அப்பா புது சேஸுக்குப் பக்கத்தில் சணல் கயிறும் தூக்குக்குண்டும் வைத்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு வேலையை அவர்தான் செய்தார், நான் எடுபிடி. சேஸின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான துளைகளிலிருந்து குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக அளந்தோம். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் நேர். பழையதில் 22 மில்லிமீட்டர் வித்தியாசம். புதியதில் 2. அதையும் மூன்று தடவை அளக்கச் சொன்னார்.

ரெட் ஆக்ஸைடு அடித்து, மேலே கறுப்பு அடித்தோம். ஆக்சில்களை ஏற்றினோம். ஸ்பிரிங் பட்டை போல்ட்டுகளை முதலில் லேசாகத்தான் பிடிக்க வேண்டும், வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு முழுதாக முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புஷ் முறுக்கிக்கொண்டு கிழியும். இதெல்லாம் அவர் கைக்குத் தெரிந்திருந்தது. என்ஜின், பாடி, கடைசியில் பிரேக். காற்று போகும் வரை நான் பெடலை மிதிக்க, அவர் நிப்பிளைத் திறந்து மூடினார். எல்லாம் சரியாகத் தெரிந்த மனிதர். தெரியாமல் செய்த தவறு என்று சொல்லிக்கொள்ள எனக்கு எந்த இடமும் விடவில்லை.

2021 பிப்ரவரியில் காகிதம் எல்லாம் முடிந்தது. யூ போல்ட்டுகளைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி முறுக்க வேண்டும், மெட்டு வரை போய் வரலாம் என்றார் அப்பா. அம்மா ஏறினாள். சத்தம் கேட்டு வெளியே வந்த அத்தையை, "நீயும் வா தாயி" என்று அவரே கூப்பிட்டார். அத்தை எதுவும் கேட்காமல் போய்ப் பின்னால் வலது பக்கம் கடைசியில் உட்கார்ந்தார்.

ஏழாவதோ எட்டாவதோ வளைவைத் தாண்டியதும் அப்பா வண்டியை ஓரம் கட்டினார்.

"தாயி, சத்தம் வருதா?"

"இல்லண்ணே."

இறங்கிப் பின் பக்கம் போனார். நான் எட்டிப் பார்த்தேன். ரோட்டில் மல்லாந்து படுத்து, செல்போன் டார்ச்சை அடித்து வலது சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைத் தாண்டி ஒரு ஜீப், மேலே கூரை வரை ஆளோடு, ஹாரன் அடித்துக்கொண்டு ஏறியது. அப்பா டார்ச்சை அணைத்துவிட்டு, படுத்த வாக்கிலேயே அதன் அடிப்பக்கத்தைக் கண்ணில் இருந்து மறையும் வரை பார்த்தார். பிறகு வந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே வண்டியை எடுத்தார்.