கார்வேட்டிநகரம் முதல் கண்டிக்கோட்டை வரை

மும்பையிலிருந்து சென்னை செல்லும் இரயிலில் நம் குடும்பங்கள் பயணம் செய்யும் முறை அன்பர்கள் அறியாததன்று. வாடி நிலையத்திற்குள் இரவு உணவை முடித்து, இராய்ச்சூர் வருமுன் படுக்கையை விரித்துவிடுவோம். கண் விழித்துப் பல் துலக்கிக் காப்பி அருந்துவதற்குள் அரக்கோணம் நெருங்கிவிடும். இடையே கடப்பை, இராஜம்பேட்டை, கோடூர், புத்தூர் என்று ஒரு பெரிய நாடு இருட்டில் கிடக்கிறது. நாற்பது ஆண்டுகளாக யாம் அதனை உறங்கியபடியே கடந்து வந்தோம். எம் தந்தையார் பிறந்த கார்வேட்டிநகரம் அந்த நாட்டில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லிக்கொள்ளவும் வெட்கமாக இருக்கிறது.

இவ்வாண்டுப் பொங்கல் விழாவில் நம் சங்கத்து இளைஞர் ஒருவர், அமெரிக்க நாட்டுப் பாலைநிலங்களில் மோட்டார் சைக்கிளில் தனியே திரிந்தபோது எடுத்த படங்களைத் திரையிட்டுக் காட்டினார். கொலராடோ ஆறு குடைந்த கிராண்ட் கேன்யன் என்னும் பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளமும் ஒரு மைலுக்கு மேற்பட்ட ஆழமும் உடையதாம். படங்கள் முடிந்ததும் அவர் எம்மருகே வந்து, "ஐயா, உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஏதேனும் உண்டா?" என்று பணிவோடு வினவினார். யாம் விடையின்றி விழித்தோம். உண்டு என்பதை வீட்டிற்கு வந்து நூல்களைப் புரட்டிய பின்னரே அறிந்தோம்.

பயணத்திற்கு மற்றொரு காரணமும் இருந்தது. தந்தையாருக்கு இப்போது அகவை எண்பத்தெட்டு. 1974-ஆம் ஆண்டில் பாட்டனார் மறைந்தபோது, ஒரு மாந்தோட்டத்தின் பங்கு குறித்து அவருக்கும் அவர் தம்பியாருக்கும் சொல் தடித்தது. அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தந்தையார் ஊர்ப்பக்கம் திரும்பவுமில்லை. பொங்கல் கழிந்த ஒரு நாள் அவர் எம்மை அழைத்து, ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். "தம்பி கையிலேயே கொடு. அஞ்சலில் வேண்டாம்" என்றார். சிறிது நேரம் கழித்து, "குளத்தையும் பார்த்துவிட்டு வா" என்றார்.

ஐம்பத்தாறு வயதில் தனியே மோட்டார் சைக்கிளில் செல்வது பற்றி எம் இல்லத்தரசியார் கூறியவற்றை இங்கே எழுதுவதற்கில்லை. எமது வண்டி பழைய புல்லட். சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றிய 1955-ஆம் ஆண்டில்தான் எம் தந்தையாரும் புத்தூரில் இரயிலேறி மும்பைக்கு வந்தார். ஆகவே அவ்வண்டியைக் குடும்பத்தில் ஒருவராகவே கருதி வருகிறோம். இரயிலில் வண்டியைப் பார்சலாக ஏற்ற விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல்: தொட்டியில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் இருத்தல் கூடாது. பதிவுச் சான்றின் படியை உடன் வைத்திருத்தல் வேண்டும். சாக்குச் சுற்றி அனுப்பிய வண்டியை ரேணிகுண்டாவில் பெற்றுக்கொண்டு, பெட்ரோல் நிலையம் வரை தள்ளிக்கொண்டே போனோம். அந்தத் தள்ளலிலேயே பாதி உற்சாகம் வடிந்துவிட்டது.

புத்தூரை நெருங்கும்போது நகரி மலை கண்ணில் படுகிறது. அதன் முனை மல்லாந்து படுத்த மனிதனின் மூக்கைப் போன்றது. முற்காலத்தில் வங்கக்கடலில் வந்த மாலுமிகள் இதனை 'நகரி மூக்கு' என்றழைத்து, சென்னைக் கரையை அறிய அடையாளமாகக் கொண்டனர். அதனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சென்றமையால் சாலையோரத்து மணலில் சக்கரம் வழுக்கி விழுந்தோம். முழங்கை சிராய்த்ததன்றி வேறு தீங்கில்லை. வண்டியைத் தூக்கிவிட்ட பெரியவர், "எலும்பு முறிந்திருந்தாலும் கவலையில்லை, விழுவதற்குச் சரியான ஊரைத்தான் பார்த்திருக்கிறீர்" என்றார். முறிந்த எலும்பை இணைக்கும் 'புத்தூர் கட்டு' பற்றி நம்மவர் அனைவரும் கேள்வியுற்றிருப்பர். தமிழரும் தெலுங்கரும் தலைமுறை தலைமுறையாகக் கைகால் கட்டிக்கொள்ள வரும் ஊர் அது.

புத்தூரிலிருந்து மேற்கே மாந்தோப்புகளினூடே செல்லும் சாலை கார்வேட்டிநகரத்தை அடைகிறது. மாசி மாதமாதலால் மரமெல்லாம் பூத்து நின்றது. கிளிமூக்கு மாங்காய் விளையும் நாடு இது. காடு வெட்டி அமைத்த நகரம் என்பதே கார்வேட்டிநகரம் என மருவிற்று என்பர். நாராயணவனத்திலிருந்து ஆண்ட சிற்றரசர்கள் பின்னர் இங்கே தலைநகரை அமைத்தனர். வேணுகோபால சுவாமியை முத்திரையாக வைத்துத் தெலுங்குப் பதங்கள் பாடிய சாரங்கபாணியும், வருணங்கள் இயற்றிய கோவிந்தசாமையாவும் இவ்வவையைச் சேர்ந்தவர்கள். இன்று சென்னைச் சபைகளில் அந்த வருணங்களைப் பாடுவோரில் எத்தனை பேர் இவ்வூரைக் கண்டிருப்பர் என்று தெரியவில்லை. ஜமீன் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மறைந்தது. கோயில் இப்போது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆளுகையில் உள்ளது. ஸ்கந்த புஷ்கரிணி என்னும் பெரிய குளம் கற்படிகளோடு இன்றும் இருக்கிறது. அதன் கரையில் அரை மணி நேரம் அமர்ந்தோம். மாலை வெயில் நீரில் விழுந்து கிடந்தது.

இவ்வட்டாரத்தின் அண்மைக்கால வரலாற்றை நம் பிள்ளைகள் அறிதல் நன்று. 1911 வரை இது வட ஆர்க்காட்டைச் சேர்ந்த நிலம். அவ்வாண்டு சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-ல் ஆந்திர மாநிலத்திற்குச் சென்றது. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி வட்டம் 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் சென்னை மாநிலத்திற்கு மீண்டது. கார்வேட்டிநகரம் அப்பாலேயே நின்றது. அரசினர் எல்லை வகுத்தபோது எம் பாட்டனார் வீட்டினூடே கோடு எதுவும் போடவில்லைதான். ஆயினும் தந்தையார் திருத்தணியில் தாய்மாமன் வீட்டில் தங்கித் தமிழ் படித்தவர். சிற்றப்பா ஊரிலேயே இருந்து தெலுங்கு படித்தவர்.

அதன் பொருள் சிற்றப்பாவின் திண்ணையில் அமர்ந்த பின்னரே எமக்கு விளங்கிற்று. உறையை வாங்கிப் பிரித்தவர் சிறிது நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எம்மிடமே நீட்டி, "நீயே படிப்பா. எனக்குத் தமிழ் பேசத்தான் வரும்" என்றார். யாம் படித்தோம். தோட்டம் முழுவதும் தம்பிக்கே உரியது, பத்திரம் எழுத யார் வந்து கேட்டாலும் கையெழுத்திடுவதாகத் தந்தையார் எழுதியிருந்தார். அடுத்துப் பழைய கடிதங்கள் இரண்டிற்கு விடை வரவில்லை என்ற வருத்தமும் இருந்தது. சிற்றப்பா உள்ளே சென்று ஒரு தகரப் பெட்டியைக் கொணர்ந்தார். அவ்விரு கடிதங்களும் அதில் இருந்தன. "வெளியாளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல மனம் வரவில்லை. அண்ணன் என்ன எழுதியிருப்பாரோ என்று பயம்" என்றார். அவற்றையும் அன்றிரவே படித்துக் காட்டினோம். ஒன்றில் எம் தமக்கையின் திருமண அழைப்பு இருந்தது. மற்றதில் கோபமும் இருந்தது. அதனை யாம் மழுப்பிப் படித்தோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்கிறோம்.

மறுநாட் காலை விடைபெறும்போது, "தனியாகவா அத்தனை தூரம்?" என்று கேட்டார். ஆம் என்றோம். "ஆனி மாதம் பழம் வரும். அண்ணனை அழைத்துக்கொண்டு வா. இந்த வண்டியில் வேண்டாம், இரயிலில்" என்றார்.

திருப்பதி சென்று அலிபிரியில் வண்டிச் சோதனை முடித்து மலையேறினோம். ஏறுவதற்கு ஒரு சாலை, இறங்குவதற்கு 1944-ல் திறந்த பழைய சாலை. வழிபாடு பற்றி எழுதப் பலர் உளர். யாம் பாறையைப் பற்றிச் சொல்வோம். மலைச்சாலையை வெட்டிய இடங்களில் கீழே கருங்கல்லினமும், அதன்மேல் அடுக்கடுக்கான செம்மை கலந்த கல்லும் தெரிகின்றன. மேலடுக்கிற்கு நிலவியலார் இட்ட பெயர் 'நகரிக் குவார்ட்சைட்டு'. யாம் பார்த்து விழுந்த அதே நகரியின் பெயர்தான். கீழ்க்கல் தோன்றி, தேய்ந்து, அதன்மேல் மேற்கல் படிவதற்கு இடையே ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன என்பர். அந்த நெடுங்காலம் அங்கே ஒரு கோடாக மட்டும் தெரிகிறது. அதன்மேல் விரலை வைத்துப் பார்க்கலாம். மலைமேலுள்ள சிலாதோரணம் என்னும் இயற்கை வளைவும் இத்தகைய கல்லே. பேருந்துகளில் விரைவோர் எவரும் தலை திருப்பக் காணோம்.

அடுத்துத் தலக்கோனா. தெலுங்கில் 'கோன' என்பது மலையிடைப் பள்ளம். திருப்பதியிலிருந்து பாகராபேட்டை வழியாக ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். 1989-ல் அமைந்த ஸ்ரீவேங்கடேசுவரா தேசியப் பூங்காவைச் சேர்ந்த காடு இது. அருவி 270 அடி உயரத்திலிருந்து விழுகிறது. யாம் சென்றபோது நீர் மெலிந்து, பாறையில் வெள்ளை நூல் தொங்குவது போலிருந்தது. ஆயினும் அதன் அடியில் நின்றால் வெயில் மறந்துபோகும். குரங்குகளிடம் மட்டும் எச்சரிக்கை வேண்டும். எமது கட்டுச்சோற்றின் பெரும்பகுதி அவற்றிற்கே போயிற்று.

காட்டு முகப்பில் காவலர் இருவர் எம்மை நிறுத்தி, "ஒக்கரேனா?" என்று கேட்டனர். ஒருவர்தானா என்பது பொருள். மகாராட்டிரப் பதிவெண், தமிழ்ப் பேச்சு, துணையில்லாத ஆள். பையைக் கவிழ்த்துச் சோதித்தனர். எமக்குச் சினம் வரவில்லை. உலகில் வேறெங்கும் இயல்பாக வளராத செம்மரம் இம்மலைத்தொடரின் செல்வம். அதுவே இதன் தீவினையும் ஆகும். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், இச்சேசாசலக் காட்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்த மரம்வெட்டிகள் இருபது பேர் காவற்படையினரால் சுடப்பட்டு இறந்தனர். பலர் மலையூர்களில் பிறந்து கூலிக்காக எல்லை கடந்தவர்கள். பிழைப்பைத் தேடி ஊர் கடந்த குடும்பங்களில் நம்முடையதும் ஒன்று. அந்த மரங்களிடையே வண்டியை மெல்லவே ஓட்டினோம்.

பீலேறு, இராயசோட்டி வழியாகக் கடப்பை நோக்கிய சாலை வறண்டது. முள்மரம், பாறை, ஆட்டு மந்தை, மீண்டும் பாறை. ஒரு மணி நேரம் ஓட்டியும் எதிரே நான்கு வண்டிகளே வந்தன. தனிமை என்பது அங்கேதான் உறைத்தது. முதலில் பாட்டுப் பாடினோம். பிறகு சிற்றப்பாவின் தகரப் பெட்டியை நினைத்துக்கொண்டே போனோம். குவ்வலசெருவு மலைப்பாதையில் பால்கோவா விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. அங்கே நிறுத்தாமல் செல்வது பெரும் பிழை.

கடப்பை என்றதும் நம் வீட்டுப் பெண்டிருக்குச் சமையலறை மேடையே நினைவுக்கு வரும். அந்தக் கரிய பலகைக்கல் இந்த மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல்தான். பண்டொரு காலத்தில் கடற்கீழ்ப் படிந்த சேறு, கல்லாகி, நம் தாய்மார் தேங்காய் உடைக்கும் மேடையாயிற்று.

ஐந்தாம் நாள் மாலை கண்டிக்கோட்டையை அடைந்தோம். கண்டி என்பது தெலுங்கில் மலைப்பிளவு. கோட்டைக்குள்ளே மாதவராயர் கோயில் கோபுரமும், ஜாமியா மசூதியும், பழைய தானியக் களஞ்சியமும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. 1652-ல் மீர் ஜும்லாவைக் காண இங்கே வந்த தவெர்னியே என்னும் பிரெஞ்சு மணி வணிகர் இக்கோட்டையைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். பெரும்பாறைகளைத் தாண்டி விளிம்பிற்குச் சென்றால் நிலம் திடீரென முடிந்துவிடுகிறது. ஏறத்தாழ 300 அடிக்குக் கீழே பெண்ணையாறு பச்சையாக வளைந்து செல்கிறது. இருகரையிலும் செங்கற்களைக் குழந்தை அடுக்கிவிட்டுப் போனது போன்ற பாறைச் சுவர்கள். கருநாடகத்து நந்தி மலையில் பிறந்து நெல்லூருக்கப்பால் கடல்சேரும் இச்சிற்றாறு, எருமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. அமெரிக்கப் பள்ளத்தாக்கின் அருகே வைத்தால் இது சிறிய வாய்க்காலே. எனினும் அவ்விளைஞருக்கு யாம் சொல்ல வேண்டிய விடை இதுதான். விளிம்பில் நின்றவாறே படம் எடுத்து அவருக்கு அனுப்பினோம்.

கடப்பையில் வண்டியைப் பார்சலில் ஏற்றிவிட்டு மும்பை இரயிலைப் பிடித்தோம். இம்முறை உறங்கவில்லை, சன்னலருகே அமர்ந்து இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் தந்தையார் படங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார். அருவி 270 அடி, பள்ளம் 300 அடி என்று யாம் அளந்து சொன்னதையும் கேட்டுக்கொண்டார். தம்பி கடிதம் படிக்கக் கேட்ட கதையைச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெடுநேரம் கழித்து, "குளத்தில் தண்ணீர் இருந்ததா?" என்றார்.

"இருந்தது அப்பா."

"எத்தனை படி வெளியே தெரிந்தது?"

அதை யாம் எண்ணவில்லை. சிற்றப்பாவைத்தான் கேட்க வேண்டும் என்றோம். தந்தையார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, தொலைபேசியை எடுத்து வரச் சொன்னார்.