கைப்பந்தில் வாங்கிய மூன்று பதக்கங்கள்

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்திய ஆண்கள் கைப்பந்து அணி மூன்று முறை பதக்கம் வாங்கியிருக்கிறது. 1958ல் டோக்கியோவில் வெண்கலம், 1962ல் ஜகார்த்தாவில் வெள்ளி, 1986ல் சியோலில் வெண்கலம். இதைச் சொன்னபோது என் மருமகன் நம்பவில்லை. செல்போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் "உள்ளதுதான் மாமா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வெள்ளிப் பதக்க அணியில் ஆடிய ஒருவரின் பெயரைச் சொல்லும்படி கேட்டால், நம் ஊரில் நூற்றுக்கு ஒருவர் சொல்வாரா என்பது சந்தேகம்.

கைப்பந்து என்றால் ஹேண்ட்பால் என்று சிலர் இப்போது திருத்துகிறார்கள். நான் சொல்வது வாலிபால். வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் சுவரில் ஒட்டுகிற நோட்டீசில் "மாபெரும் மின்னொளி கைப்பந்துப் போட்டி" என்றுதான் போடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு யாரும் ஹேண்ட்பால் பார்க்கப் போவதில்லை. ஆகவே நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தை 1895ல் அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரில் வில்லியம் மார்கன் என்பவர் உண்டாக்கினார். ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்தவர். கூடைப்பந்து கொஞ்சம் முரட்டு ஆட்டமாக இருக்கிறதே என்று, வயதானவர்களும் ஆடட்டும் என்று செய்தாராம். அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் நம் நாட்டுக்கும் வந்தது. சென்னையில் 1920ல் ஹாரி பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன ஆசிரியர்கள் ஊர் ஊராகக் கம்பம் நட்டு வலை கட்டினார்கள். ஒரு பந்து, ஒரு வலை, இரண்டு கம்பம். இதைவிடக் குறைந்த செலவில் பன்னிரண்டு பேர் ஆடுகிற ஆட்டம் வேறென்ன இருக்கிறது? இந்தியக் கூட்டமைப்பு 1951ல் அமைந்தது. மறுவருடமே மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில் நம் அணி ஆடியது.

என் பழைய கட்டுரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வடசேரி என் மனைவியின் ஊர். குமாஸ்தா உத்தியோகம் முடிந்து இங்கே வந்து சேர்ந்தேன். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1ல் கைமாறினாலும், சட்டப்படி நாங்கள் இந்தியர்கள் ஆனது 1962 ஆகஸ்ட் 16ல். ஜகார்த்தா ஆசிய விளையாட்டு தொடங்கியது ஆகஸ்ட் 24ல். நான் இந்தியனாகி எட்டாவது நாள்! அந்தப் போட்டியில்தான் கைப்பந்து அணி வெள்ளி வாங்கியது. ஆனால் எங்கள் வகுப்பில் அதைப் பற்றி ஒருவரும் பேசியதாக நினைவில்லை. பேச்செல்லாம் கால்பந்து. தென் கொரியாவை வென்று இந்தியா தங்கம் வாங்கிய வருடம் அது. ஹாக்கியில் பாகிஸ்தானிடம் தோற்ற துக்கம் வேறு. தங்கத்துக்கும் துக்கத்துக்கும் நடுவில் கைப்பந்தின் வெள்ளி அமுங்கிப் போயிற்று. அக்டோபரில் சீனப் போர் வந்த பிறகு விளையாட்டை யார் நினைக்கப் போகிறார்கள்?

அரசு முழுக்க மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அர்ஜுனா விருது தொடங்கிய 1961லேயே கைப்பந்துக்கு ஒரு விருது உண்டு. வாங்கியவர் ஏ. பழனிசாமி. அடுத்த ஆண்டு நிருப்ஜித் சிங் பேடி. முதல் பெயரே தமிழ்ப் பெயர் என்பதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை இருக்கிறது.

எங்கள் பள்ளியிலும் வலை கட்டி ஆடுவோம். பந்தைத் தூக்கிக் கொடுப்பவனை இங்கே செட்டர் என்கிறோம். பிரெஞ்சில் அவனுக்குப் பெயர் "பாசேர்". அதே சொல்லுக்கு ஆட்களை அக்கரை சேர்க்கிற தோணிக்காரன் என்றும் அர்த்தம் உண்டு. கைதட்டல் அடிப்பவனுக்கு, கரை சேர்ப்பது இவன். நான் குள்ளம், ஆகவே எனக்குக் கிடைத்தது தோணிக்காரன் வேலைதான். குமாஸ்தா உத்தியோகமும் ஏறக்குறைய அதுதானே!

1962க்குப் பிறகு அடுத்த பதக்கத்துக்கு இருபத்து நான்கு ஆண்டு ஆயிற்று. காரணம் நம்மவர்கள் ஆடாமல் விட்டது அல்ல. உலகம் வேகமாகிவிட்டது. 1964ல் ஒலிம்பிக்கில் கைப்பந்து சேர்ந்ததும் ஜப்பான்காரர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். உயரத்தில் ரஷ்யர்களை ஜெயிக்க முடியாது, ஆகவே வேகத்தில் ஜெயிப்போம் என்று, தாழ்வாகத் தூக்கிக் கொடுத்து மின்னல் போல அடிக்கிற முறையையும், ஒருவன் அடிப்பதுபோலப் பாய்ந்து ஏமாற்ற இன்னொருவன் அடிக்கிற முறையையும் வளர்த்து, 1972 மியூனிக்கில் தங்கமே வாங்கினார்கள். நம்மவர்களோ வெயிலில், மண் தரையில், காற்று பந்தைத் தள்ளுகிற திடலில் பழகியவர்கள். திடீரென்று கூரைக்குள் மரத்தரையில் போய் ஆட வேண்டும். இன்றுவரை இந்தியா ஒலிம்பிக் கைப்பந்தில் ஆடியதில்லை.

அந்தப் பின்னணியில் சியோலைப் பார்க்க வேண்டும். 1958 முதல் ஒவ்வொரு ஆசிய விளையாட்டிலும் தங்கமோ வெள்ளியோ வாங்கி வந்த ஜப்பானை 1986ல் நம் அணி தோற்கடித்து வெண்கலம் வாங்கியது. ஜிம்மி ஜார்ஜ், சிரில் வள்ளூர், உதயகுமார், அப்துல் பாசித், தலேல் சிங் என்று பெரிய கூட்டம். பி.வி. ரமணா என்று ஒருவரும் இருந்தார். பேட்மின்டன் சிந்துவின் அப்பா என்றால் உங்களுக்குத் தெரியும். மகளால் தகப்பனைத் தெரிந்துகொள்வது நல்ல விஷயம்தான்.

ஜிம்மி ஜார்ஜ் கண்ணூர் மாவட்டம் பேராவூர்க்காரர். அண்ணன் தம்பிகள் எட்டுப் பேரும் கைப்பந்து ஆடியவர்கள். 21 வயதில் அர்ஜுனா விருது. அபுதாபியில் ஆடிவிட்டு, பிறகு இத்தாலிக்குப் போய்த் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் கூடிய இடம் அது. 1987 நவம்பர் 30ல் அங்கேயே கார் விபத்தில் இறந்துபோனார். வயது 32. மோந்திக்கியாரி என்ற ஊரில் உள்விளையாட்டரங்கத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்திலும் அவர் பெயரில் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த ஒருவன் பெயரை ஒரு கட்டடத்துக்கு வைக்க வேண்டுமென்றால், அவன் அந்த ஊர்க்காரர் மனதில் எப்படி இருந்திருக்க வேண்டும்!

அவரைப் பற்றி இன்னொன்று உண்டு. மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர், ஆட்டத்துக்காக அதை விட்டுவிட்டுக் கேரள போலீசில் சேர்ந்தார்.

இதை வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் பேரனுக்குப் பதினைந்து வயது, ஆறடி ஒரு அங்குலம். பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். வெளியூர் விளையாட்டு விடுதி ஒன்றில் கைப்பந்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. மருமகன் நீட் பயிற்சிக்கு முன்பணம் கட்டிவிட்டார். "மாமா, வெளையாட்டெல்லாம் பிளஸ் டூ முடிஞ்ச பெறவு பாத்துக்கிடலாம், நீங்க அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க" என்கிறார். பேரன் சாப்பாட்டு மேசையில் தலையைக் குனிந்துகொண்டு தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருக்கிறான். மகள் என்னிடம் தனியாக வந்து, "அப்பா, நீங்க சொன்னா அவர் கேப்பார்" என்கிறாள்.

மருமகன் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. என் அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த ஒருவர் இருந்தார். மாநில அளவில் கைப்பந்து ஆடியவர். ரெக்கார்டு ரூமில் மேல்தட்டுக் கட்டை ஸ்டூல் போடாமல் எடுத்துத் தருவார். கோப்பு எழுத வராது என்று அவர் காதுபடவே சிரிப்பார்கள். நாற்பது வயதுக்குள் இரண்டு முழங்காலும் போய்விட்டது. மாடிப்படியைக் கைப்பிடி பிடித்து ஒவ்வொன்றாக ஏறுவார். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, மறுபடி பதினெட்டு வயது கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே, "இதேதான் சார். ஆனா கொஞ்சம் நல்ல ஷூ போட்டுக்குவேன்" என்றார்.

மருமகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜிம்மி மருத்துவம் விட்டதைச் சொன்னேன். 32 வயதில் போனதையும் மறைக்கவில்லை. 2003ல் தாய்லாந்தில் பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட நம் பையன்கள் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியதையும், அதற்குப் பிறகும் ஆசிய விளையாட்டில் பெரியவர்கள் அணிக்கு ஒரு பதக்கமும் வராததையும் சொன்னேன். நிர்வாகச் சண்டையால் 2016ல் சர்வதேசக் கூட்டமைப்பு நம் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்த கதையையும் சொன்னேன். "அப்பொ நீங்க எனக்காகப் பேசுதீங்களா, அவனுக்காகப் பேசுதீங்களா மாமா?" என்று கேட்டார். அவனுக்காகத்தான் என்றேன்.

2023 செப்டம்பரில் ஹாங்சோவில் நம் அணி தென் கொரியாவை 3-2 என்று வென்ற ஆட்டத்தைப் பேரன் செல்போனில் வைத்திருக்கிறான். கடைசி செட் 17-15. கொரியர்கள் அந்த முறை பதக்கம் இல்லாமல் திரும்பினார்கள், அறுபத்தோரு வருடத்தில் முதல் தடவையாக. நம் அணி ஆறாவது இடம். அதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினான். மருமகன் முதல் செட்டை வேண்டாவெறுப்பாகப் பார்த்தார். ஐந்தாவது செட்டில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

நான் படித்த மொழிக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்வதேசக் கூட்டமைப்பு 1947ல் உருவானதே பாரிசில்தான். முதல் தலைவர் போல் லிபோ என்கிற பிரெஞ்சுக்காரர், 1984 வரை அவரே. அப்படியிருந்தும் பிரெஞ்சு அணிக்கு ஒலிம்பிக்கில் ஒரு பதக்கமும் கிடைத்ததில்லை, 2021 டோக்கியோ வரைக்கும். அங்கேயும் குழுவில் நான்காவதாகத் தட்டுத்தடுமாறித்தான் காலிறுதிக்கு வந்தார்கள். தங்கம் வாங்கினார்கள். 2024ல் பாரிசில் போலந்தை 3-0 என்று வென்று மறுபடி தங்கம். அந்த இறுதி ஆட்டத்தைப் பேரனும் நானும் சேர்ந்து பார்த்தோம். வர்ணனையாளர் "பாசேர்" என்று சொல்லும்போதெல்லாம், "தோணிக்காரன் தாத்தா!" என்று என் முழங்காலில் தட்டினான்.

விடுதியில் சேர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மருமகன் வாயால் சரி என்று இன்னும் சொல்லவில்லை. ஆனால் நேற்று ராத்திரி மகளிடம், பயிற்சி மையத்தில் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்று விசாரித்தாராம். பேரனுக்குக் கால் அளவு பன்னிரண்டு. நாகர்கோவிலில் நான்கு கடை ஏறி இறங்கியாயிற்று, கிடைக்கவில்லை. வியாழக்கிழமை பென்ஷன் எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் போய்ப் பார்க்க வேண்டும்.