உலக முடிவுக்கு ஒரு பயணம்



எங்கள் வீட்டில் பை கட்டுவதென்றால் அது ஓடுவதற்குத்தான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது அம்மா ஒரு பை கட்டினார். வன்னியில் ஊர் ஊராக அதையே கட்டி அவிழ்த்தோம். 2009இல் முகாமுக்குள் போனபோதும் கையில் மிஞ்சியது அந்தப் பைதான். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டை, மாற்று உடுப்பு, கொஞ்ச அரிசி. இவற்றுக்கு மேல் ஒரு பைக்குள் என்ன வைக்கலாம் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

அதனால் 2018 பங்குனியில் ஒருநாள், "பள்ளிக்கூட லீவுக்கு மலை பார்க்கப் போவமோ அம்மா?" என்று நான் கேட்டதும் அவர் பயந்து போனார். "ஏன் பிள்ளை, திரும்பவும் ஏதும் பிரச்சினையோ?" என்றார்.

பிரச்சினை ஒன்றும் இல்லை. என் மகனின் பாடப் புத்தகத்தில் ஹோர்ட்டன் சமவெளி பற்றி ஒரு பாடம் வந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2100 மீற்றர் உயரம் என்று வாசித்துவிட்டு, "கீரிமலையை விட எவ்வளவு உயரம் அம்மா?" என்று கேட்டான். பெயரில் மட்டும் மலை இருக்கிற ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு நான் எப்படி விளக்குவேன்? தகப்பன் இருந்திருந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பார். அவர் இல்லை என்பதற்காகப் பிள்ளை மலையைக் காணாமல் வளரவேண்டுமா? மாதர் சங்கச் சீட்டில் என் முறைக்கு வந்த காசை இதற்கென்று எடுத்து வைத்தேன்.

வழிகாட்டியவர், வன்னியில் எங்கள் பக்கத்துக் கொட்டிலில் இருந்த அக்கா. நானுஓயாப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்து, 1977 கலவரத்தோடு சிறுபிள்ளையாகக் கிளிநொச்சிக்கு வந்தவர். அவருடைய சித்தப்பா குடும்பம் இன்னும் அந்தத் தோட்டத்திலேயே இருக்கிறது. "சித்திரை வருசத்தோட நுவரெலியாவில வசந்தகாலக் கொண்டாட்டம். சனம் நிறையும், அறை வாடகையும் ஏறிடும். அதுக்கு முந்தின கிழமை போங்க. சித்தப்பா வீட்டிலயே தங்கலாம்" என்றார். காலையிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும், ஒன்பது பத்து மணிக்குப் பிறகு பனிமூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும் என்றும் சொல்லி வைத்தார்.

எதில் போவது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014இல் திரும்பவும் வந்துவிட்டது. அதில் போய்ப் பொல்காவலையில் இறங்கி, பதுளைப் புகையிரதத்துக்கு மாறலாம். ஆனால் என் தங்கைக்கு ஒரு கால் இல்லை. மீளக்குடியேறிய காணியில் விறகு பொறுக்கப் போனபோது மிதிவெடியில் போனது. ஜெய்ப்பூர் காலோடு சனநெரிசலில் ஏறி இறங்குவது அவளுக்குக் கஷ்டம். இரண்டு குடும்பமும் செலவைப் பங்கிட்டு வான் ஒன்று பிடிப்பது என்று முடிவு செய்தோம். தங்கையின் கணவர் வானை ஓட்டுவதாகச் சொன்னார். ஏ9 வீதியில் கண்டி வரை 321 கிலோமீற்றர், பிறகு நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 77 கிலோமீற்றர்.

"நான் வரேல்லை. உங்களுக்குப் பாரமாய் இருப்பன்" என்றாள் தங்கை. "நீ வராட்டில் ஒருத்தரும் போறேல்லை" என்றார் அம்மா. அதுவரை பயணத்துக்கு விருப்பம் காட்டாதவர் அவர்தான்.

பிறகு பட்டியல் எழுதினோம். குளிருக்குச் சுவெற்றர் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. மலிவுச் சந்தையில் பழசாக ஐந்து வாங்கினோம். தங்கையின் காலுக்கு மேலதிகமாக மூன்று சோடி காலுறை. ஈரக் காலுறையோடு நடந்தால் புண் வந்துவிடும். பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுபோக முடியாது என்பதால் சாப்பாட்டுக்கு மூடிப் பாத்திரங்கள், தண்ணீருக்கு எவர்சில்வர் போத்தல்கள். இரண்டு மூன்று நாள் கெடாத பருத்தித்துறை வடையும் எள்ளுருண்டையும் செய்தோம். சித்தப்பா வீட்டுக்குப் பனங்கட்டியும் ஒடியல் மாவும். பெரியவர்களின் அடையாள அட்டைகளும் பட்டியலில் இருந்தன. அதைக் காட்டினால்தான் உள்நாட்டவருக்குரிய குறைந்த கட்டணம். அம்மா தன் பையைத் தானே கட்டினார், எங்களைத் தொடவிடவில்லை.

தோட்டத்தில் இரவு தங்கி, விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். அம்பேவலை, பட்டிப்பொல தாண்டி வான் ஏறியது. பூங்கா வாசலில் உத்தியோகத்தர் ஒருவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மகன், "பையளைத் திறந்து காட்டட்டாம்" என்றான்.

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. முகமாலையிலும் ஓமந்தையிலும் செய்தது போலவே, கேட்காமலே இறங்கி, ஒவ்வொரு பொருளாக எடுத்து மேசையில் வைத்தார். சுவெற்றர், மருந்து, வடைப் பாத்திரம், கடைசியில் கடைப் பை ஒன்றில் சுற்றிய பொட்டலம். உத்தியோகத்தர் அதைப் பிரித்தார். உள்ளே எங்கள் காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் இருந்தன. மலை பார்க்க வந்த இடத்துக்கும் அம்மா உறுதியைக் கொண்டு வந்திருந்தார்!

அந்தப் பெடியனுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. கடைப் பையை மட்டும் எடுத்து ஒரு பக்கம் வைத்தான். தன் மேசையில் கிடந்த பத்திரிகைத் தாளில் உறுதியைக் கவனமாகச் சுற்றி, இரண்டு கையாலும் அம்மாவிடம் கொடுத்தான். "அவ்வளவுதானோ?" என்று அம்மா எங்களைப் பார்த்துக் கேட்டார். அவ்வளவுதான். காட்டைக் காப்பதற்கான சோதனை அது. பொலித்தீனைத் தின்று மரைகள் இறந்துவிடக் கூடாது என்பதற்காக.

உள்ளே ஒரே புல்வெளி. வீதியோரத்தில் மரைகள் பயமில்லாமல் மேய்ந்தன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்தச் சமவெளியிலிருந்து நீர் போகிறது. கிணற்றை நம்பி வாழ்கிற நாங்கள் அந்தச் சின்ன ஓடைகளைப் பார்த்துக்கொண்டே நின்றோம். 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இந்த இடம், மத்திய மலைநாட்டின் பகுதியாக 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது.

சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். அம்மா தொடக்கத்திலேயே வெயிலில் குந்திவிட்டார். தங்கை கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தாள். நிலத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் காலை வைத்தாள். ஓரிடத்தில் பாதையை விட்டு விலகவேண்டாம் என்று ஒரு பலகை. அவள் அப்படியே நின்றுவிட்டாள். "இது செடியளுக்காகப் போட்டது, தங்கச்சி. இங்க நிலத்துக்குள்ள ஒண்டுமில்லை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு தலையை நிமிர்த்தி நடந்தாள்.

சின்ன உலக முடிவு வரை அவள் வந்தாள். அதற்கு மேல் ஏலாது என்றாள். நானும் அவளோடு இருந்துவிட்டேன். பிள்ளைகள் அவளின் கணவரோடு பெரிய உலக முடிவுக்குப் போனார்கள். அங்கே மலை ஏறத்தாழ 870 மீற்றருக்கு நேராக விழுகிறது. திரும்பி வந்த மகன் சொன்னான்: "அம்மா, நூறு கீரிமலையை அடுக்கினாலும் காணாது!"

வீட்டுக்கு வந்ததும் அம்மா பையை அவிழ்த்தார். உறுதியை எடுத்து, பத்திரிகைத் தாளோடேயே அலுமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினார். அடுத்த வருடம் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போனபோது அவர் பையில் மாற்றுச் சேலையும் வெற்றிலையும் மட்டுமே இருந்தன.

சகோதரிகளே, இது பணக்காரருக்கு மட்டுமான காரியம் அல்ல. நாலு குடும்பம் சேர்ந்தால் வான் செலவு தாங்கக்கூடியதாகும். சங்கத்தில் பயணத்துக்கென்றே ஒரு சிறு சீட்டுப் பிடிக்கலாம். 2025 நவம்பரில் வந்த டித்வா புயலில் மலையக வீதிகளும் புகையிரதப் பாதையும் பலத்த சேதமடைந்தன. ஆகவே புறப்படுமுன் பாதை நிலைமை, கட்டணம், நேரம் எல்லாவற்றையும் விசாரியுங்கள். நடக்க ஏலாதவரையும் கூட்டிப் போங்கள். அவர் எவ்வளவு தூரம் வருகிறாரோ அவ்வளவு தூரம் போதும்.

ஓடுவதற்கென்று எத்தனையோ தரம் பை கட்டிவிட்டோம். திரும்பி வருவதற்கென்று ஒரு தரம் கட்டிப் பாருங்கள்.