முத்திரை பதிந்த முகம்

உதகமண்டலத்தில் இந்து நகர் என்றோர் இடம் உண்டு. மத்திய அரசு 1960ஆம் ஆண்டில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கேதான் எழுந்தது. 1967இல் உற்பத்தி தொடங்கிற்று. பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு, இருள் சூழ்ந்த கூடங்களில், வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினைத் தகட்டின்மேல் மெல்லப் பூசி, நாட்டு மக்களுக்கான புகைப்படச் சுருளையும் மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே படத்தாளையும் ஆக்கித் தந்தார்கள். 'இந்து' என்ற பெயர் பொறித்த பெட்டி இல்லாத புகைப்பட நிலையம் அக்காலத்தில் நம் மலையில் அரிது. இந்து என்றால் நிலவு. இருளில் பிறக்கும் பொருளுக்கு அது பொருத்தமான பெயரே.

அந்த நிலவு தேய்ந்த கதையும் நாம் அறிந்ததே. 1990களில் நலிவுற்ற நிறுவனமாக அது அறிவிக்கப்பட்டது. மின்னியல் கேமரா வந்தது. எக்ஸ்ரே படமும் கணினித் திரைக்கு ஏறியது. 2014இல் எஞ்சியிருந்த ஊழியர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஒரு தொழில்நுட்பம் ஓர் ஊருக்குள் எப்படி வருகிறது, எப்படி வெளியேறுகிறது, இடையில் எத்தனை குடும்பங்களின் சோறாக இருக்கிறது என்பதைக் கற்க நீலகிரி மக்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

குன்னூரில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புகைப்பட நிலையம் நடத்தியவன் நான். புதுநன்மை வாங்கிய பிள்ளைகள், மணமக்கள், கல்லறைக்குப் புறப்படும் முன் பெட்டியில் கிடத்தப்பட்டவர்கள் என்று ஒரு பங்கின் வாழ்வு முழுவதும் என் கேமராவுக்குள் புகுந்து வெளியேறியிருக்கிறது. அந்த இருட்டறையின் வாசலில் அமர்ந்து பள்ளிப் பாடம் எழுதிய என் மகள், கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றபின், இப்போது சென்னையில் செயற்கை நுண்ணறிவும் மின்னியல் ஊடகமும் இணைந்த முதுநிலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். "உங்கள் தொழிலை விழுங்கிய பூதத்தின் வீட்டுக்கே பெண்ணை அனுப்பிவிட்டீர்களே" என்று நண்பர் ஒருவர் கேலியாகச் சொன்னார். அந்தக் கேலிக்குள் ஒரு நியாயமான கேள்வி இருப்பதால்தான் இதை எழுதத் துணிந்தேன். இந்தப் படிப்பில் நம் பிள்ளைகள் உண்மையில் எதைக் கற்கிறார்கள்? எதைக் கற்க வேண்டும்?

இவ்வகைப் படிப்புகள் நம் நாட்டில் மிக விரைவாகப் பெருகியுள்ளன. ஐதராபாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2019இல் செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனி இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2024இல் தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் தனியொரு புலத்தையே நிறுவியது. காட்சித் தொடர்பியல் கற்பித்த துறைகளும் தம் பாடத்திட்டத்தில் இதற்கு இடம் கொடுத்துவருகின்றன. என் மகளின் பாடநூல்களைப் புரட்டினால் முதற்பாதி முழுவதும் கணிதம்: நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல். பிற்பாதியில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு. இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் போல, இயந்திரம் படத்தைக் 'கற்கும்' முறை.

அந்த முறையை அவள் எனக்கு விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். ஒரு படத்தின்மேல் சிறிது சிறிதாகப் புள்ளிகளைத் தூவி, இறுதியில் படமே தெரியாதபடி மறைத்துவிடுகிறார்கள். பின்னர் அந்தப் புள்ளிகளை ஒவ்வொரு படியாக நீக்கி மீண்டும் படத்தை எட்டுவதற்கு இயந்திரத்தைப் பழக்குகிறார்கள். கோடிக்கணக்கான படங்களில் இவ்வாறு பழகிய இயந்திரம், எந்த இடத்தில் எது வரக்கூடும் என்பதை நிகழ்தகவால் ஊகிக்கும் திறனைப் பெறுகிறது. கிழிந்த படத்தில் விடுபட்ட கன்னத்தை அது நிரப்புகிறது என்றால், அந்தக் கன்னத்தை அது கண்டதால் அன்று. பல்லாயிரம் கன்னங்களைக் கண்டதால். இந்த வேறுபாட்டின் ஆழம் எனக்கும் அவளுக்கும் ஒரு பெரியவரின் முகத்தால்தான் விளங்கிற்று.

சென்ற அக்டோபர் விடுமுறைக்கு அவள் வந்திருந்தபோது, கோத்தகிரிப் பக்கமுள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் என்னைத் தேடி வந்தார். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்தியா வந்த குடும்பம் அவருடையது. அந்த உடன்பாடு 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு வாழ்வளிக்கவே 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே இன்றைய டான்டீ. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய அக்குடும்பத்தின் கடவுச்சீட்டில் ஒட்டியிருந்த ஒரு சிறு படம்தான் அவர் கையில் இருந்தது. அவருடைய தந்தைக்கு வேறு படமே கிடையாது. வந்த சில ஆண்டுகளிலேயே அவர் காலமாகிவிட்டார். படத்தில் மங்கிய முகம்; கன்னத்தின் குறுக்கே அலுவலக முத்திரையின் பாதி வட்டம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குள் அதைப் பெரிதாக்கித் தர வேண்டும் என்றார்.

என் மகள் அதைக் கணினியில் ஏற்றி, இக்காலத்து மென்பொருள் ஒன்றிடம் கொடுத்தாள். அரை நிமிடத்தில் முத்திரை மறைந்தது; முகம் பொலிவுற்றது; கண்கள் ஒளிர்ந்தன. ஒளியமைப்பைக் கண்டு நானே வியந்தேன். அம்மையார் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா எங்க அப்பாவுக்குப் புருவத்துல கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு இருக்குமே, அதைக் காணோமே. இது வேற யாரோ மாதிரி இருக்கு."

மூலப்படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்தோம். இடது புருவத்தை வெட்டிச் செல்லும் மெல்லிய வெண்கோடு அங்கே இருந்தது. இயந்திரம் அதைத் தாளின் கீறல் என்று கருதி அழித்திருந்தது. நிறத்தையும் சற்று வெளுக்க வைத்து, மூக்கையும் கூர்மையாக்கியிருந்தது. செடியைக் கவ்வாத்து செய்யும்போது பட்ட காயம் ஒரு தொழிலாளியின் வாழ்க்கைக் குறிப்பு என்பதை எந்த நிகழ்தகவு அதற்குச் சொல்லும்?

இது ஒரு படத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள், முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று கூறும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை எட்டியது. பழகக் கொடுத்த படங்களில் யார் குறைவோ, அவர்களிடமே பிழை மிகுதி. புகைப்படத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. 1950கள் முதல் கோடக் நிறுவனம் வண்ணப்படங்களைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் நெடுங்காலம் வெள்ளையினப் பெண்ணின் முகமே இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்த முகத்துக்கு ஏற்பச் சரிசெய்த வண்ணத்தில்தான் உலகெங்கும் கருநிற முகங்கள் மங்கின. கருவி மாறிற்று; அளவுகோலை யார் முகத்தில் வைப்பது என்ற கேள்வி மாறவில்லை.

புகைப்படக்காரர்களும் முகத்தைத் திருத்தியவர்கள்தாமே என்று வாசகர் கேட்கலாம். ஆம், நெகட்டிவின்மேல் கூரிய பென்சிலால் 'டச்சிங்' செய்து பருவையும் அம்மைத் தழும்பையும் மறைப்பது எங்கள் தொழிலின் ஒரு பகுதி. ஆனால் எதை மறைக்கிறோம் என்பது கைக்குத் தெரியும். "அந்த மச்சத்தை விட்டுவிடுங்கள், அது எங்கள் குலத்து அடையாளம்" என்று கேட்பவர் எதிரே நிற்பார். இயந்திரமோ எதைக் கண்டது, எதை ஊகித்தது என்பதைத் தனித்தனியே சொல்லாமல் இரண்டையும் ஒரே தெளிவோடு தருகிறது. ஐயமே இல்லாத அந்தத் தெளிவுதான் அஞ்சத்தக்கது.

அதன்பின் இரண்டு மாலைகள் அம்மையாரை அருகில் அமர்த்திக்கொண்டு, மின்பேனாவால் புள்ளி புள்ளியாக என் மகள் அந்தப் படத்தைத் திருத்தினாள். மடிப்புகளை நீக்கினாள், மங்கிய கண்ணைத் தெளிவாக்கினாள், தழும்பை விட்டுவைத்தாள். கடைசியில் முத்திரைக்கு வந்தபோது, அதன்கீழ் உள்ள கன்னம் எப்படி இருந்தது என்று கேட்டாள். அம்மையார் சிந்தித்துவிட்டு, "அது இருக்கட்டும் பாப்பா. அந்த முத்திரையோடதான் அவரு கப்பலேறினாரு" என்றார். முத்திரை அப்படியே நின்றது.

முகத்துக்கு வந்த இக்கேள்வி குரலுக்கும் வந்துவிட்டது. 2024 சனவரியில் வெளியான 'லால் சலாம்' படப் பாடலொன்றில், காலமான பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஏ. ஆர். ரகுமான் மீண்டும் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, ஊதியமும் வழங்கியதாக அவர் அறிவித்தார். அதே மாதத்தில், 2018இல் மறைந்த கலைஞர் மு. கருணாநிதி ஒரு நூல் வெளியீட்டு விழாவின் திரையில் தோன்றிப் பேசினார். அன்பினால் செய்யப்படுவதற்கும் ஏமாற்றுவதற்காகச் செய்யப்படுவதற்கும் கருவி ஒன்றே. இசைவு கேட்டார்களா, இது ஆக்கப்பட்டது என்று காண்போருக்குச் சொன்னார்களா என்பவையே இரண்டையும் பிரிக்கும் வரம்புகள். நம் நாட்டில் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் இறந்தவரின் முகத்துக்கும் குரலுக்கும் யார் காவல் என்பது சட்டத்துக்கு முன்னரே மனச்சான்றிடம் வந்து நிற்கும் வினா.

திருச்சபையும் இவ்வினாவைத் தள்ளிவைக்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2024ஆம் ஆண்டின் உலகத் தொடர்பு நாள் செய்தியைச் செயற்கை நுண்ணறிவைப் பற்றியே எழுதினார். இத்தகைய பொய்ப்படத்துக்குத் தாமும் ஆளானதை அதில் குறிப்பிட்டார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, தாம் அப்பெயரை ஏற்றதன் காரணத்தைக் கர்தினால்களிடம் விளக்கினார். தொழிற்புரட்சிக் காலத்தில் உழைப்பாளரின் உரிமை குறித்து 1891இல் 'ரேரும் நோவாரும்' மடலை வரைந்த பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்து, இன்று செயற்கை நுண்ணறிவும் அதுபோன்ற அறைகூவலே என்றார். தேயிலைத் தோட்டங்களின் மக்கள் இதை எளிதில் உணர்வார்கள். கொழுந்து பறித்த கையைத் தேநீர்க் கோப்பை காட்டுவதில்லை. அதுபோல, 2009இல் வெளியான இமேஜ்நெட் என்னும் படத்தொகுப்பில் உள்ள 1.4 கோடிப் படங்களுக்குப் பெயரிட்டவர்கள் 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பேர். இயந்திரத்தின் அறிவு என்று நாம் வியப்பதன் அடியில் எத்தனையோ மனிதக் கைகள் இருக்கின்றன.

ஆகவே, இப்படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்க எண்ணும் பெற்றோர்க்கு ஒரு புகைப்படக்காரன் சொல்லக்கூடியது இதுதான். படிப்பின் பெயரைப் பார்க்காதீர்கள். கணிதம் ஆழமாகக் கற்பிக்கப்படுகிறதா என்று பாருங்கள். மென்பொருளை இயக்க மட்டும் கற்றவரின் திறமை, அந்த மென்பொருளோடு பழையதாகிவிடும். கையால் படமெடுக்கவும் மனிதரிடம் பேசிச் செய்தி திரட்டவும் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். மனித மாண்பையும் சட்டத்தையும் பற்றிய பாடம் ஒப்புக்கு இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

என் மகள் தன் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்ட பொருளை ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பழைய படங்களைப் புதுப்பிக்கும் மென்பொருள்கள் நம் தோட்டத்து முகங்களை எப்படி மாற்றுகின்றன என்பதை அளக்க வேண்டும். இயந்திரம் கண்ட பகுதியையும் ஊகித்த பகுதியையும் வெவ்வேறாகக் குறித்துக் காட்டும் வழியொன்றைத் தேட வேண்டும். இதற்காகக் குடும்பங்களின் இசைவோடு பழைய படங்களைத் திரட்டி வருகிறாள். அவளுக்கு நேரும் பெரிய இடர் கணிதம் அன்று. பெட்டியடியிலிருந்து எடுத்து வரும் படத்தைக் காட்டி, "இவர் யார்?" என்று கேட்டால், பல வீடுகளில் விடை சொல்ல ஆளில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் படங்களை இவ்வாரமே எடுத்துப் பாருங்கள். பெயரும் ஊரும் ஆண்டும் சொல்லக்கூடிய முதியவர் ஒருவர் இன்னும் இருப்பார். அவர் சொல்லச் சொல்ல, படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்துக்கு வந்துவிடும். தழும்பு ஏதேனும் இருந்தால், அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.