பித்தளைக் குழாயும் நான்கு வில்லைகளும்

பழைய லென்ஸ் விற்பவர்களின் அகராதியில் குறை என்ற சொல்லே கிடையாது. படத்தின் விளிம்பு மங்கினால் அது 'மென்மை'. பின்னணி கலங்கினால் அது 'சுழல்'. உள்ளே வெளிச்சம் சிதறி நிழல்கள் வெளுத்துப்போனால் அது 'ஒளிர்வு'. நூற்றைம்பது ஆண்டுப் பழைமையான பித்தளைக் குழாய் ஒன்றை மேசைமேல் நிறுத்திக்கொண்டு அவர்கள் பேசுவதைக் கேட்டால், அதைச் செய்தவர்கள் கண்ணாடி கடைந்த தொழிலாளிகள் அல்லர், கவிஞர்கள் என்றே தோன்றும். சில ஆண்டுகளாக இந்தப் பேச்சைக் கேட்டுவருகிறேன். அதில் எவ்வளவு உண்மை என்று பார்க்க ஒரு லென்ஸை வாங்கிச் சோதித்த கதையே இது.

பெருவடிவக் கேமராவைப் பழக்கமில்லாத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பழைய ஸ்டுடியோக்களில் முக்காலிமேல் நின்ற மரப்பெட்டியையும், அதன்பின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்ட மனிதரையும் நினைவில் கொண்டுவாருங்கள். அதன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்னுடையதும். முன்னால் ஒரு பலகை, பின்னால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய ஒரு கண்ணாடி, இரண்டையும் இணைக்கும் துருத்தி. அவ்வளவுதான். பிம்பம் அந்தக் கண்ணாடியில் தலைகீழாக விழும். படம் பதிவது நான்குக்கு ஐந்து அங்குலத் தாளில். 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் ஒரு சட்டத்தைப்போல் ஏறத்தாழப் பதினைந்து மடங்கு பரப்பு. இக்கேமராவின் பெரிய சுதந்திரம், முன்பலகையில் ஓர் ஓட்டை போட்டால் எந்தக் காலத்து லென்ஸையும் அதில் பொருத்திவிடலாம் என்பது. 1850களின் லென்ஸும் நேற்றைய லென்ஸும் அங்கே சமம். கேமராக்கள் மக்கிப்போனபின்பும் அவற்றின் லென்ஸ்கள் விலைபோய்க்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

நான் வாழ்வது பாரிஸின் வடக்குப் புறநகர் ஒன்றில். புதுச்சேரியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. நகரின் தென்மேற்கே பியேவ்ர் என்ற சிற்றூரில், 1964இல் தொடங்கிய புகைப்படக்கருவிச் சந்தை ஒன்று ஜூன் மாதத்தில் கூடும். ஊர்ச் சதுக்கம் முழுக்க மேசைகள். மேசைகள் முழுக்கக் கேமராக்கள், தட்டுகள், யாருடையவென்று தெரியாத குடும்பப் படங்கள். அங்கேதான் அந்த லென்ஸைக் கண்டேன். பெயர் பொறிக்கப்படாத பிரெஞ்சுப் பித்தளை லென்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் இத்தகைய பெயரற்ற லென்ஸ்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. விற்கும் கடைக்காரர் தன் பெயரைப் பொறித்துக்கொள்வார், அல்லது அப்படியே விற்றுவிடுவார். அமைப்பைப் பார்த்ததுமே அது பெட்ஸ்வால் வகை என்று தெரிந்தது.

பெட்ஸ்வால் என்பது ஒரு மனிதரின் பெயர். 1839இல் டாகேரின் முறை பாரிஸில் அறிவிக்கப்பட்டபோது, கேமராக்களில் செவாலியே செய்த லென்ஸ் இருந்தது. நிலக்காட்சிக்கு ஏற்ற லென்ஸ் அது. படம் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக அதன் துளையை எஃப் 15 அளவுக்குச் சுருக்கியிருந்தார்கள். கட்டடங்கள் பொறுமையாக நின்றன. மனிதர்களால் முடியவில்லை. வெயிலில் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். பிடரியை இரும்புக் கவ்வியால் தாங்கிப் பிடிப்பார்கள். கண் கூசி நீர் வழியும். அன்றைய உருவப்படம் பலவற்றில் முகம் தண்டனை பெற்றவரின் முகம்போல இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இச்செய்தியை வியன்னாவுக்குக் கொண்டுபோனவர் எட்டிங்ஸ்ஹவுசன் என்ற பேராசிரியர். அவர் தூண்டுதலால் அங்கே கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசஃப் பெட்ஸ்வால் இச்சிக்கலைக் கையிலெடுத்தார். அதுவரை லென்ஸ் என்பது கைத்தொழிலாளியின் அனுபவத்தால், செய்து பார்த்துத் திருத்தி உருவானது. பெட்ஸ்வால் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே தாளில் கணக்குப் போட்டார். கணக்கில் தேர்ந்த பீரங்கிப் படை வீரர்கள் சிலர் அவருக்கு உதவியாகக் கொடுக்கப்பட்டனர். குண்டின் பாதையைக் கணித்தவர்கள் ஒளிக்கதிரின் பாதையைக் கணித்தார்கள். 1840இல் வடிவம் தயாரானது. ஃபாக்ட்லாண்டர் நிறுவனம் அதைச் செய்தது. துளை எஃப் 3.6. செவாலியேயின் லென்ஸைவிடப் பதினேழு மடங்கு வெளிச்சம் உள்ளே வந்தது. அதே ஆண்டுகளில் தகட்டின் வேதியியலும் மேம்பட, நிமிடங்கள் விநாடிகளாயின. சில ஆண்டுகளுக்குள் பாரிஸ் பட்டறைகளும் அதே வடிவத்தைச் செய்யத் தொடங்கிவிட்டன.

இவ்வளவு வெளிச்சத்துக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பெட்ஸ்வால் லென்ஸில் தெளிவு நடுவில்தான். விளிம்பை நோக்கிப் போகப் போகப் பிம்பம் தட்டையான தாளில் விழாமல் கிண்ணம்போல் வளைந்த பரப்பில் விழுகிறது. போதாக்குறைக்கு, நீண்ட குழாயின் இரு வாய்களும் சரிந்து வரும் கதிர்களை வெட்டிவிடுவதால், பின்னணியில் உள்ள ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் வட்டமாக இல்லாமல் பூனைக்கண் வடிவில், மையத்தைச் சுற்றி வரிசைகட்டி நிற்கிறது. இன்று பலரும் விரும்பிப் பணம் கொடுக்கும் 'சுழல்' இதுதான். 2013இல் லோமோகிராஃபி நிறுவனம் இவ்வடிவத்தைச் சிறிய கேமராக்களுக்காகப் புதிதாகச் செய்து வெளியிட்டபின் அதன் புகழ் இன்னும் பரவியது.

எனக்கு லென்ஸை விற்றவரும் சுழலைப் பற்றித்தான் பேசினார். நான் வேறு சிலவற்றைப் பார்த்தேன். வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் சொல்கிறேன். கண்ணாடிக்குள் ஊசிமுனைக் குமிழிகள் இருந்தால் அஞ்ச வேண்டாம். அக்காலக் கண்ணாடி அப்படித்தான். மெல்லிய கீறல்களும் பெரிதாகக் கெடுக்கா. முன்பக்கத்து இரு வில்லைகளை ஒட்டியிருக்கும் கனடா பால்சம் என்னும் மரப்பிசின் விளிம்பில் விட்டுப்போய் வானவில் நிறம் காட்டினால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். பூஞ்சை வலைபோலப் படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். பலகையில் பொருத்தும் திருகு வளையம் உடனிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்; அக்காலத் திருகுகளுக்குப் பொது அளவு கிடையாது, அது இல்லையென்றால் கடைசல்காரரிடம் இன்னொரு செலவு காத்திருக்கிறது. குழாயின் இடுப்பில் ஒரு பிளவு இருந்தால், துளையிட்ட தகடுகளைச் செருகித் துளையின் அளவை மாற்றுவதற்கானது அது. 1858இல் ஜான் வாட்டர்ஹவுஸ் சொன்ன எளிய ஏற்பாடு. தகடுகள் பெரும்பாலும் தொலைந்திருக்கும். கறுப்பு அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். என் லென்ஸில் பிளவும் வளையமும் இருந்தன, தகடுகள் இல்லை. 250 யூரோவுக்கு முடிந்தது.

வீட்டில் முதல் வேலை குவியத் தொலைவை அறிவது. தொலைவிலுள்ள கட்டடத்தைக் குவித்துத் துருத்தியின் நீளத்தைக் குறித்துக்கொண்டேன். பிறகு ஓர் அளவுகோலைப் பின்கண்ணாடியில் அதன் உண்மை அளவிலேயே தெரியும்படி குவித்து மீண்டும் குறித்தேன். இரண்டுக்கும் இடையிலான நீட்சிதான் குவியத் தொலைவு. 22 சென்டிமீட்டர். முன்வில்லையின் விட்டம் ஐந்தரை. ஆக, எஃப் 4.

அடுத்தது தெளிவு. இருண்ட கூடத்தின் கோடியில் ஒரு சிறு கைவிளக்கை வைத்து, துணிக்குள் புகுந்து உருப்பெருக்கியால் பார்த்தேன். பெட்ஸ்வால் லென்ஸின் நடுவில் அது ஒரு புள்ளியாக விழ வேண்டும். பஞ்சுருண்டையாகத்தான் விழுந்தது. துருத்தியை எப்படி நகர்த்தினாலும் அது சேரவில்லை. விளிம்பு மங்குவது இவ்வடிவத்தின் இயல்பு. நடு மங்குவது இயல்பன்று. விற்பவரின் அகராதிப்படி இதுவும் 'மென்மை'யாக இருந்திருக்கும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு அழகென்று சொல்லிப் படமெடுப்பவர்களும் உண்டு.

பின்பக்கத் திருகைக் கழற்றினேன். முன்பக்கத்தைப்போல் இங்கே வில்லைகள் ஒட்டப்பட்டிருப்பதில்லை. பிறைபோன்ற ஒரு வில்லை, நடுவே ஒரு பித்தளை வளையம், பிறகு இருபுறமும் புடைத்த இன்னொரு வில்லை. மூன்றும் தனித்தனியாகக் கையில் வந்துவிடும். புடைத்த வில்லையின் இரு பக்கங்களின் வளைவும் சமமல்ல. ஆனால் கண்ணால் பார்த்து வேறுபாடு காண்பது கடினம். நூற்றைம்பது ஆண்டுகளில் எத்தனை பேர் இதைக் கழற்றித் துடைத்திருப்பார்கள்! அவர்களில் யாரோ ஒருவர் திருப்பி வைத்திருக்கிறார்.

எப்படித் தெரிந்தது என்றால், வில்லைகளின் தேய்த்த விளிம்பில் பென்சில் கோடுகள் இருந்தன. பிரெஞ்சுப் பட்டறைகளில் வில்லையின் விளிம்பில் பென்சிலால் பெயரோ குறியோ எழுதும் வழக்கம் இருந்தது. என் லென்ஸில் இருந்த கையெழுத்தைப் படிக்க முடியவில்லை. ஆனால் இரு வில்லைகளிலும் அம்புமுனை போன்ற ஒரு குறி தெளிவாக இருந்தது. ஒன்று முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கியும் இருந்தன. புடைத்த வில்லையைத் திருப்பி வைத்து, இரு குறிகளும் ஒரே திசை காட்டும்படி செய்து, மீண்டும் கூடத்து விளக்கைப் பார்த்தேன். புள்ளி புள்ளியாகவே விழுந்தது. பட்டறைத் தொழிலாளி ஒருவர் அடுத்த மேசைக்காரருக்காகப் போட்டுவைத்த குறி, அவர் பெயரையும் அறியாத எனக்கு வந்து சேர்ந்திருந்தது.

இனி எதைப் படமெடுப்பது? மரக்கிளைகளுக்கிடையே ஒளிப்புள்ளிகள் தெரியும் தோட்டத்தைத் தேடிப் போவதுதான் வழக்கம். சுழல் நன்றாக வரும். ஆனால் இந்த லென்ஸ் தோட்டத்துக்காகப் பிறந்ததன்று. அசையாமல் இருக்க முடியாத மனிதருக்காகப் பிறந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார்.

என் அத்தைக்கு எண்பத்தொரு வயது. ஏழெட்டு ஆண்டுகளாக வலக்கையில் நடுக்கம். நடுக்கம் வந்ததிலிருந்து அவர் படத்துக்கு உட்காருவதில்லை. திருமணங்களில் கேமராவைக் கண்டால் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விடுவார். சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஒரே படம், புதுச்சேரி ஸ்டுடியோவில் மணமான புதிதில் எடுத்தது. "மூச்சு விடாதேன்னு சொன்னான் அந்த ஆளு" என்று அதைக் காட்டி எப்போதும் சொல்வார். கேட்டுப் பார்த்தேன். துணிக்குள் நுழைந்து எடுக்கும் கேமரா என்றதும் ஒருவாறு இசைந்தார்.

ஃபிலிமுக்குப் பதிலாகப் புகைப்படத் தாளையே கேமராவில் வைத்தேன். மலிவு என்பது ஒரு காரணம். அத்தாள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும் என்பது இன்னொன்று. அக்காலத் தகடுகளும் அப்படித்தான், தோலின் சிவப்பையும் சுருக்கத்தையும் அழுத்திக் காட்டும். வேகம் மிகக் குறைவு. சன்னல் வெளிச்சத்தில் எஃப் 4இல் இரண்டு விநாடி வந்தது. செவாலியேயின் துளையில் இதே படத்துக்கு அரை நிமிடத்துக்கு அருகில் ஆகியிருக்கும்.

உயரமான முதுகுள்ள நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்காரச் சொன்னேன். இரண்டு மீட்டர் தொலைவில் தெளிவின் ஆழம் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர்தான்; கண்ணைக் குவித்தால் காது விலகிவிடும். கண்ணைக் குவித்தேன்.

"எவ்வளவு நேரம்பா?"

"ரெண்டு எண்ணுற வரைக்கும்தான் அத்தை. மூச்சு விடலாம்."

மூடியை எடுத்தேன், எண்ணினேன், மூடினேன்.

அன்றிரவு குளியலறையின் சிவப்பு விளக்கில் படம் எழுந்தது. மறுநாள் நேர்ப்படமாக்கி அவரிடம் கொடுத்தேன். கண்கள் இமைமயிர் எண்ணும் தெளிவில் இருந்தன. காதோரத்து நரைமுடி மங்கத் தொடங்கி, தோளில் சேலை கரைந்து, சுவர் வெறும் நிழலாகியிருந்தது. சுழல் என்று சொல்ல எதுவுமில்லை. லென்ஸ் எந்த அளவுத் தட்டுக்குச் செய்யப்பட்டதோ அதைவிடச் சிறிய தாளில், முகம் நடுவில் இருக்கும்படி எடுத்தால் அது தலைகாட்டாது. அக்கால ஸ்டுடியோக்காரர்கள் விளிம்பின் குறையை இப்படித்தான் மறைத்தார்கள். இன்று நாம் தேடிப்போய் வாங்குவது அவர்கள் ஒளித்துவைத்ததை. நாற்காலிக் கையில் இருந்த வலக்கை மட்டும் விரல்கள் பிரியாமல் ஒரு வெண்புகையாகத் தெரிந்தது.

அத்தை நெடுநேரம் பார்த்தார். "கை அங்கேயும் நிக்கல பாரு" என்றார். பிறகு, "மூஞ்சி நான்தான்" என்றார். அதன்பின் இருமுறை உட்கார்ந்திருக்கிறார். இரண்டிலும் கையை ஒளிக்கவில்லை.

இப்போது எவரேனும் பழைய லென்ஸ் ஒன்றைக் காட்டி அதன் 'குணம்' பற்றிப் பேசினால், அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது. செய்தவர் எதைப் பெறுவதற்காக எதை விட்டுக்கொடுத்தார் என்பது தெரிந்தால் அதன் குறையும் புரியும். யாரோ பிறகு ஏற்றிவைத்த குறையும் தனியே பிரிந்து நிற்கும். பெட்ஸ்வால் விளிம்பை விட்டுக்கொடுத்தது, பிடரிக் கவ்வியோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்க. அந்தப் பேரம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

லென்ஸை மீண்டும் பூட்டுமுன், மங்கிவரும் பென்சில் குறிகளின்மேல் புதுக்கோடு போடலாமா என்று யோசித்தேன். தொட வேண்டாமென்று விட்டுவிட்டேன். வில்லைகளின் வரிசையையும் திசையையும் ஒரு தாளில் வரைந்து, மடித்துப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். இதை அடுத்துத் துடைக்கப்போகிறவருக்கு அது போதும்.